வரும்

நாற்காலி நூற்று இருபது போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
கூடைப்பந்துக் கோட்டின் மேல் வரிசை கோணாமல்,
நடுவில் ஒரு சக்கர நாற்காலி போக வழி விட்டு.
சிறைச்சாலை வருகிறது என்றபோதும்
இதே நாற்காலிகளைத்தான் போட்டேன்.
சோலார் வருகிறது என்றபோதும்.
கடலைக் காப்பாற்ற வருகிறோம் என்றபோது இரண்டு முறை.
எதற்குக் கால் ஆடும், எது சட்டையைக் கிழிக்கும்
எல்லாம் எனக்கு அத்துப்படி.

சாக்ரமென்டோவிலிருந்து வந்த அம்மாள், பெயர் ஹால்டேன்,
வாசலிலேயே என்னிடம் கேட்டது
ஒரு பிளக் பாயிண்ட்.
மின்சாரக் கார். திரும்பிப் போகச் சார்ஜ் இல்லை.
ஊரில் சார்ஜ் போட இடமும் இல்லை.
பால் வைக்கும் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
சமையலறை ஜன்னல் வழியே
ஆரஞ்சு வயரை இழுத்துக் கொடுத்தேன்.

பிறகு திரையில் கடல் வந்தது.
எங்கள் சால்ட்டன் கடல்தான், வானத்திலிருந்து எடுத்தது.
செத்த மீன் நாற்றம் இல்லாமல் நீலமாக இருந்தது.
அதற்கும் கீழே, பாறைக்கும் கீழே,
கொதிக்கிற உப்புநீரில் லித்தியம்.
எத்தனையோ கோடிக் கார்களுக்குக் காணும் என்றார்.
மாநிலம் மானியம் தரும். மத்திய அரசு கடன் தரும்.
வேலை வரும்.
ரோடு வரும். கல்லூரியில் புதுப் பிரிவு வரும்.
எடுக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் விழுகிற வரியில்
ஊருக்கு ஒரு பங்கு வரும்.

'வரும்'களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழில் விட்டுவிட்டேன்,
மேற்குக் கதவு தானாக ஒருதரம் அடித்தது.
மணி நாலு.
நாலு மணிக்குக் காற்று வரும்.
வற்றிய கரையின் வெள்ளைத் தூள் வரும்.
பிள்ளைகளுக்கு இழுப்பு வரும்.
அதே சொல்தான்.
இதற்கு யாரும் கூட்டம் போட்டதில்லை,
மானியம் கொடுத்ததில்லை,
ஒருநாள் தவறியதில்லை.

ஒட்டிலியா பர்ராகான் எழுந்தாள்.
லெட்டூஸ் வயலிலிருந்து நேரே வந்தவள்,
கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை.
மூன்று நிமிடம் உண்டு என்றார்கள்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
எது முதலில் வரும்?

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும்
ஹால்டேன் அம்மாள் படங்களைப் பின்னால் தள்ளினார்,
முன்னால் தள்ளினார்.
ஒட்டிலியா உட்காரவில்லை.
சுவரில் சிவப்பு எண்கள் இறங்கி இறங்கி
பூஜ்யமாகி நின்றன.
எனக்குத் தெரியாது, என்றார் அந்த அம்மாள்.
மைக்கில். எல்லாருக்கும் கேட்க.
சொல்லத்தான் வேண்டும்,
இத்தனை கூட்டத்தில் அதைக் கேட்டது இப்போதுதான்.

நிகானோர் வாயே திறக்கவில்லை.
நீராவி ஆலையில் பத்தொன்பது வருடம்,
குழாய் அடைத்த உப்புக்கல்லைச் சுரண்டிச் சுரண்டி
ஒரு தோள் இறங்கிப்போனவன்.
மேலே வந்த தண்ணீரின் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு
மற்றதைக் கிணற்றுக்கே திருப்பி அனுப்பியவன்.
எதைத் தலைமுழுகியிருக்கிறோம் பார், என்றான் என்னிடம்,
நாற்காலி மடக்கக் கைகொடுத்தபடி.
நாற்பத்து மூன்றில்தான் ஆள் உட்கார்ந்த சூடு.
துண்டுப்பிரசுரங்களை விசிறியாக மடித்துப் போயிருந்தார்கள்.
வயரைச் சுருட்டினேன்.
பாலை முகர்ந்து பார்த்தேன். கெடவில்லை.

பத்து மணிக்கு அறிவியல் அறையில் வெளிச்சம்.
நிகானோர்தான்.
இன்னும் தொடங்காத பிரிவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்,
ஐம்பத்தொரு வயதில்.
அதற்கு முன்னால் அல்ஜீப்ரா தேற வேண்டுமாம்.
எக்ஸைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தது.
மூன்று பக்கம் எழுதி எழுதி அடித்திருந்தான்.
விடை வருமா என்றேன்.
தாளில் படிந்த தூளை ஊதினான்.
பத்துக்கு மேல் விளக்கு எரியக் கூடாது, பள்ளி விதி.
நான் அடுத்த அறையைக் கூட்டப் போனேன்.