பின்பாக்கெட்டில் ஒரு வட்டம்

பெயர் எழுத வேண்டாம் என்றார் நர்ஸ் ஹாலிஸ்.
பதினேழு பேர் படிக்கும் வகுப்பில்
பெயர் எதற்கு?
கையெழுத்தைப் பார்த்தே
யார் வீட்டுப் பிள்ளை, அவர்களுக்கு எத்தனை மாடு
என்று சொல்லிவிடுவார்.

கெண்டக்கியில் எங்கள் பள்ளத்தாக்குக்கு ஒரே சாலை.
ஆகஸ்டில் அதன் இரண்டு பக்கமும்
என் தலைக்கு மேல் புகையிலை நிற்கும்.

கடந்த முப்பது நாளில் புகைத்தாயா?
இல்லை.
இங்கே யார் புகைக்கிறார்கள்?
அது லெக்சிங்டன்காரர்கள் பழக்கம்,
அப்புறம் சுரங்கத்தில் பாதி நுரையீரலை விட்டுவந்த
வெர்ஜில் மாமா மாதிரி
இனி இழக்க ஒன்றுமில்லாதவர்கள்.
எங்கள் பையன்கள் அதக்குவார்கள்.
கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை,
துப்புவதற்குக் காலி சோடா பாட்டில்,
அவ்வளவுதான்.
அதற்கான கேள்விகள் தாளின் பின்பக்கம் இருந்தன.
யாரும் தாளைத் திருப்பவில்லை.

புகையிலை கெடுதல் என்று நினைக்கிறாயா?
மிகவும். ஓரளவு. தெரியாது.
பென்சில் நின்றது.
என் பல்லில் ஓடும் கம்பிக்கு
நாலாயிரத்து இருநூறு டாலர்.
கம்பெனிக்காரன் கழித்துப் போட்டது போக
மிஞ்சிய இலையை விற்ற காசு.
அந்தப் பற்களைக் காட்டிக்கொண்டு
நான் சொல்ல வேண்டும்: மிகவும்.

பனி காயாத இலையை வெட்டிய ஒரு காலையில்
அண்ணன் டென்வர் வரப்பில் குனிந்து
பச்சையாக வாந்தியெடுத்தான்.
அவனுக்குப் பதிமூன்று.
வாயில் ஒரு துணுக்கும் வைக்கவில்லை,
ஈரச் சட்டை வழியாகவே இலை உள்ளே இறங்கியிருந்தது.
பழகிடும் என்றார் அப்பா,
குச்சியில் அடுத்த செடியைக் குத்திக்கொண்டே.
பழகிவிட்டது.
இப்போது பதினெட்டு, நாளைக்கு ஒரு டப்பா.
மூடியில் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது.
பொடி ஒதுங்க அவன் விரல் தட்டுவதும்
அதே எழுத்துகளின் மேல்தான்.

இதைப் பயன்படுத்துகிறவனோடு பழகுவாயா?
போன மாதம், குவிண்டனின் லாரி முன்சீட்டில்,
முத்தம்.
மூட்டுவலிக்குத் தடவும் தைலத்தின் வாசம்.
வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று
கம்பியில் மாட்டிய துணுக்கை ஊசியால் எடுத்தேன்.
கசந்தது.
பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது.
பிடித்தது என்றும்.
அதற்குக் கட்டம் போடவில்லை அவர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜீன்ஸைப் பற்றி.
டப்பாவை வைத்து வைத்து
பின்பாக்கெட்டில் வெளுத்துப்போன வட்டம் விழும்.
பள்ளித் தாழ்வாரத்தில்
அந்த வட்டம் உள்ளவன் வேறு, இல்லாதவன் வேறு.
பேஸ்பால் அணியில் ஒன்பது வட்டங்கள்.

சனிக்கிழமை துணி துவைக்கிறேன்.
எமெட்டின் ஜீன்ஸ்.
அவனுக்குப் பத்து வயது, இன்னும் விளக்கை அணைத்தால் தூங்கமாட்டான்.
பின்பாக்கெட்டில் வட்டம்.
மூக்கருகே கொண்டுபோனேன்: புகையிலை இல்லை,
வேர்க்கடலை வெண்ணெய்.
பாக்கெட்டுக்குள் ஜாடி மூடி,
அதைச் சுற்றி மடித்த உப்புத்தாள்.
உட்கார்ந்து தேய்த்திருக்கிறான்,
கோணலில்லாமல், பொறுமையாக,
கணக்குப் பாடத்தில் அவனிடம் இல்லாத பொறுமை.

நான் சிரித்தேன்.
பிறகு வாளியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அவனைக் கேட்கவில்லை.
அம்மாவிடம் சொல்லவில்லை.
உப்புத்தாளை மட்டும் எடுத்து ஒளித்தேன்.
கொட்டகையில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது,
அவனுக்கும் தெரியும்.

மணியடித்தது.
நர்ஸ் ஹாலிஸ் எண்ணிப் பார்த்து
பதினேழு என்றார்.
என் தாளைக் கொஞ்சம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
மூன்றாவது கேள்விக்குப் பக்கத்தில்
எழுதியதும் அழித்ததுமாய்
காகிதம் வெளுத்து
நைந்திருந்தது,
ஏறக்குறைய வட்டமாக.