தொழில்: மேசன்

கிளிநொச்சி நெஞ்சுக் கிளினிக்.
நம்பர் முப்பத்தேழு.
"பீடி, சுருட்டு?"
"இல்லை மிஸி."
"என்ன தொழில்?"
சொல்ல முதல் இருமல் வருகிறது.
அவள் கையைப் பார்த்து
மேசன் என்று எழுதுகிறாள்.
தெய்வேந்திரம் திருத்தவில்லை.

பள்ளிக்கூடம் விழுந்த அன்றைக்கு
நனைத்த துவாயால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான்
அஸ்பெஸ்டஸ் சீற்றுகளை உடைக்கத் தொடங்கினான்.
மத்தியானம் போல
அந்தத் துவாயும்
ஒரு பிள்ளையைச் சுற்றத் தேவைப்பட்டது.

எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடிக்கிறார் டொக்டர்.
சுவாசப்பையின் அடியில்
வெள்ளை வெள்ளையாய் நார்.
"எத்தனை நாள் தூசுக்குள்ள நிண்டனீங்கள்?"
"பதினொரு பேர்,
உயிரோட."

திரும்பும் பஸ் முறிகண்டியில் நிற்கிறது.
கச்சான் வாங்க எல்லாரும் இறங்குகிறார்கள்.
அவன் இறங்கவில்லை.
இறங்கினால்
மூன்று படி
ஏறவேண்டியிருக்கும்.