எந்த வீதியால் வந்தீர்கள்

மாங்குளம் ஆஸ்பத்திரி, இரவு பதினொன்று இருபது.
மோட்டார் சைக்கிளை வாசலில் சரிய விட்டு
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார் யோகச்சந்திரன்.
பின்னால் செருப்பில்லாமல் தாய்.
ஒலுமடுவுக்கும் உள்ளே, காட்டோரம் வீடு.
மதுர்சிகாவுக்கு ஏழு வயது, பத்தொன்பது கிலோ.

"எங்க நோகுது?"
தொப்புளைக் காட்டினாள்.
"நேற்று?"
தொப்புள்தான்.
மூன்றாம் முறை கேட்டபோது
என் கழுத்தில் தொங்கியதைக் காட்டி
"அது குளிருமோ?" என்றாள்.

பெரியவர்களின் வயிறு
புத்தகம் படித்துவிட்டு வரும்:
முதலில் நடுவில், பிறகு வலது கீழே,
ஒரு சத்தி, கொஞ்சம் காய்ச்சல்.
பிள்ளையின் வயிறு
கேட்டதற்கெல்லாம் தொப்புள் என்றே சொல்லும்.

நேற்று பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள்.
இன்று காலை ஓமத்தண்ணீர்.
"மாம்பழமும் வேண்டாம் எண்டிட்டாள் டொக்டர்"
என்றாள் தாய்.
அதை மட்டும் அட்டையில் எழுதி
அடியில் கோடிட்டேன்.

இரத்தம் எடுத்தாயிற்று.
ஸ்கான் செய்கிறவர் காலையில்தான் வருவார்.
"ஒற்றைக் காலில துள்ளு பாப்பம்."
"துள்ளமாட்டன்."
நோவா, குழப்படியா?
நானும் அவளும் ஒருவரையொருவர்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையொப்பமிட மேசைக்குக் குனிந்தார் யோகச்சந்திரன்.
சேட்டின் முதுகில், தோள்களுக்கு நடுவே,
உள்ளங்கை அளவு ஈரம்.
கசங்கிய துணியில் சின்னச் சின்னப் பல்தடம்,
முன்பல் விழுந்த இடைவெளியோடு.

"இது என்ன?"
கையைப் பின்னால் வளைத்துத் தடவினார்.
"நடுவில இருந்தவள். கிடங்கு வரேக்க எல்லாம்
கடிச்சுக்கொண்டு வந்தவள்."
"தார் றோட்டில?"
யோசித்தார்.
"இல்லை. தார் றோட்டில கடிக்கேல்ல."

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன்.
இடது பக்கம் மெல்ல அழுத்தினேன்.
அவள் கை வலது பக்கத்துக்கு ஓடியது.
அங்கே என் விரல் போகுமுன்னே
வயிறு தன் கதவைச் சாத்தியது.

இனி வாயால் ஒன்றுமில்லை, தண்ணீரும் இல்லை.
சேலைன். கிருமிக்கு ஊசி.
நோவுக்கு மருந்து கொடுத்தால் குறி மறைந்துபோகும்
என்பது பழைய பயம்;
நான் கொடுத்தேன்.
குறிதான் சேட்டில் எழுதியிருக்கிறதே.

கிளிநொச்சிக்கு அறிவித்தாயிற்று.
"மெதுவாப் போறதோ, கெதியாப் போறதோ?"
என்றார் அம்புலன்ஸ் சாரதி காண்டீபன்.
"ரெண்டும்" என்றேன்.
அவருக்கு விளங்கியது.

கதவை மூடும் நேரம் தாய் என் கையைப் பிடித்தாள்.
"பாலைப்பழம் நான்தான் குடுத்தனான்.
ஒரு சுண்டு முழுக்கத் திண்டவள்.
கொட்டை போய் அடைச்சிட்டுதோ?"
"இல்லை" என்றேன்.
கையை விட்டாள். நம்பவில்லை.

நான்கு நாற்பதுக்குத் தொலைபேசி.
"வெடிக்கேல்ல. நல்லா வீங்கி
நுனி கறுத்திட்டுது. விடியட்டும் எண்டு
பாத்துக்கொண்டு இருந்திருந்தால்..."
சத்திரசிகிச்சை நிபுணர் கொட்டாவி விட்டார்.
வசனம் அங்கேயே நின்றது.

"உள்ளுக்க என்ன இருந்தது சேர்?"
"வழமையான கல்லுத்தான். மலம் இறுகினது."
"கொட்டை?"
"என்ன கொட்டை?"
"பாலைப்பழக் கொட்டை. இல்லை எண்டு
தாய்க்குச் சொல்லுங்கோ.
தாதியிட்ட விடாதேங்கோ. நீங்களே சொல்லுங்கோ."

பத்தாம் நாள் காயம் காட்ட வந்தார்கள்.
கேட்காமலே வாசலிலிருந்து
ஒற்றைக் காலில் துள்ளி வந்தாள்.
யோகச்சந்திரன் வேறு சேட்டில் வந்திருந்தார்.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
தாய் ஒரு பையை மேசையில் வைத்தாள்.
திறந்தால் பாலைப்பழம், கடைசிக் காய்ப்பு.

இப்போதெல்லாம் வயிற்றுநோவோடு வரும் பிள்ளையின்
அப்பாவை முதலில் கேட்பது,
"எந்த றோட்டால வந்தனீங்கள்?"

நான் ஊர் விசாரிப்பதாக நினைத்து
புதிதாக வந்த தாதி
ஒவ்வொரு முறையும் முகவரிப் பக்கத்தைத்
திறந்து நீட்டுகிறாள்.