ஒலிமேசைக்குப் பின்னால்

மாலை ஆறரைக்கு அறை பதிவாகியிருந்தது.
நிகழ்ச்சியின் பெயர்: பகிர்வு.
ஆட்கள் முப்பது. மைக் ஒன்று, தாங்கி ஒன்று.
மற்றவை என்ற கட்டத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்:
கதவு சத்தமில்லாமல் மூட வேண்டும், முடியுமா?

கீலுக்கு எண்ணெய் விட்டேன்.
அது என் வேலை இல்லை.

டோவரில், பாலிடெக்னிக்கில், பதினோரு வருடம்
மைக்கின் உயரத்தை மாற்றுகிறவன் நான்.
பேச வருகிறவர்களின் மோவாயைத்தான் பார்ப்பேன்,
முகத்தை அல்ல.

வெளியே மழை. நனைந்த காலணிகளோடு வந்தார்கள்,
சிலர் கையில் பபிள் டீ.
ஒருத்தி காதை மூடிய பெரிய ஹெட்ஃபோனோடு.
அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்று பிறகு சொன்னாள்.
உலகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறாளாம்,
அவ்வளவுதான்.

முதலில் எழுந்தவன்
கப்பல் பொறியியல், இரண்டாம் ஆண்டு.
பெயரைச் சொல்ல வந்தான்.
உதடுகள் ஒட்டிக்கொண்டன.

ப்

வல்லினத்தின் வாசலில் நின்று
பெயர் தட்டியது. திறக்கவில்லை.
நாற்பது நொடி. கடிகாரம் பார்க்கிறவன், எனக்குத் தெரியும்.
நேர்முகத் தேர்வு என்றால்
அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.
கோப்பிக் கடை என்றால் வரிசையில் பின்னால் நிற்பவர்
அவனுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்திருப்பார்.
இந்த முப்பது பேரில் ஒருவரும்
அவன் பெயரை அவனுக்காக முடித்துவைக்கவில்லை.

மைக் பழுதோ என்று பலகையைப் பார்த்தேன், பழக்கம்.
பச்சை விளக்குகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.
அவன் மூச்சு.
இரண்டு விளக்கு, மூன்று விளக்கு, மறுபடி இரண்டு.
மௌனம் அளவுமானியில் ஏறி
அதுவரை நான் பார்த்ததில்லை.

பிரணவன் என்றான்.
யாரும் கைதட்டவில்லை. அதுதான் சரி.
அது சாதனை இல்லை, பெயர்.

பிறகு ஜியா ஹுய்.
காதலியைத் தோழி என்று வீட்டில் சொல்லிச் சொல்லி
நாக்கு தடித்துவிட்டது என்றாள்.
சீனப் புத்தாண்டுக்கு அந்தத் தோழி
ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாளாம்.
இரண்டு பேருக்கும் சீக்கிரம் மாப்பிள்ளை அமையட்டும் என்று
அம்மா ஆளுக்கொரு சிவப்பு உறை கொடுத்தாராம்.
எல்லாரும் சிரித்தார்கள். அவளும்.
சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பத்தொன்பது வயது, இருபது வயது.
பையில் நாளைக்குத் தரவேண்டிய அறிக்கை.
ஒளிந்துகொள்ள முன்னால் மேசைகூட இல்லை,
தாங்கியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.
கையின் நடுக்கம் கம்பி வழியே ஏறி
ஒலிபெருக்கியில் மெல்ல உறுமியது.
அப்படிப்பட்ட அதிர்வை வெட்டுவதற்கென்றே
பலகையில் ஒரு பொத்தான் உண்டு.
நான் அழுத்தவில்லை.

எனக்கு நாற்பத்து நான்கு.
என் கைப்பேசியில் ஒரு பெயர்
பதினேழு வருடமாக
ஏர்கான் சர்வீஸ் என்று இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தால்
அக்கா கேட்பாள், இன்னுமா அது ரிப்பேர்?
ஆமாம், வாயு கசிகிறது என்பேன்.
அவள் ஜன்னலைத் திறந்து வைப்பாள்.

ஒன்பது மணிக்கு நாற்காலிகளை அவர்களே அடுக்கினார்கள்.
ஜியா ஹுய் மிச்சமிருந்த கறி பஃப் ஒன்றை
டிஷ்யூவில் சுற்றி என் மேசைமேல் வைத்தாள்.
தேங்க் யூ அங்கிள் என்றான் பிரணவன், ஒரே மூச்சில்.
கதவு சத்தமில்லாமல் மூடியது.

கேபிளைச் சுற்றுவதற்கு முன்
தாங்கியை என் மோவாய்க்கு ஏற்றினேன்.
ஒன்று, இரண்டு என்று சோதித்துப் பார்க்கத்தான்.
அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ம்

மெல்லினம்தான். அதுவும் நின்றுவிட்டது.
திரும்பிப் பார்த்தேன்.
காலியான அறையின் கடைசியில்
இரண்டு விளக்கு.
மூன்று.

பாதுகாவலர் எட்டிப் பார்த்தார்,
லைட்டை அணைக்கவா?

இன்னும் கொஞ்சம் என்றேன்.