மைனஸ் முப்பது

மூன்று வாரம் கடைகடையாய் ஏறி இறங்கி
ஓயுன்கெரெல் வாங்கியது
கேமராவுக்குப் பேர்போன ஃபோன்.
விற்ற பையன் குளிரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

உலான்பத்தார் பஸ் நிறுத்தத்தில்
நாற்பது சதவீதம்
ஒரே மூச்சில் பூஜ்யம்.

அன்றிலிருந்து அது அவள் அக்குளில்,
காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி.
யாராவது கூப்பிட்டால்
மேல்கோட்டு, கம்பளி, உள்சட்டை தாண்டி
கை போய்ச் சேர்வதற்குள் மணி அடங்கிவிடும்.

சந்தையில் உறைந்த ஆட்டுத்தொடை அறுத்து அறுத்து
வெடித்த கட்டைவிரலை
அதற்கு அடையாளம் தெரிவதில்லை.
'மீண்டும் முயலவும்.'
ஊதிச் சூடேற்றி முயல்கிறாள்.
நான்தான்டா, திற.

நேற்று கடைசி இரண்டு சதவீதத்தில் எடுத்த படம்:
அவள் விட்ட மூச்சு
துகள்துகளாய், எண்ணிவிடலாம் போல.

தவணை இன்னும் பதினொன்று.