மூச்சு விடாதே

ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள் அமைதியை.
இந்த அறையில் ஊசி விழுந்தால்
முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

தரைக்குக் கீழே இரண்டு தளம்.
மேலே ஷின்ஜுகுவில் மழையாம்,
நனைந்த குடைகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.
வளையல், கடிகாரம், சரசரக்கும் சட்டை
எல்லாம் கதவுக்கு வெளியே.
போன வாரம் ஒருவருக்கு வயிறு இரைந்து
நல்லதொரு மரணம் பாழாயிற்று.

இன்று பதினோராம் பகுதி.
படம் இன்னும் முடியவில்லை.
திரையில் பென்சில் கோடுகள்,
முகம் வர வேண்டிய இடத்தில் வெறும் முட்டை வட்டம்.
யார் பேச வேண்டுமோ அவர் பெயர்
ஒரு கட்டத்துக்குள் ஒளிரும்.
அணைவதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

பத்து வாரமாக
ஒரிதோ ஷிசுனோதான் இன்ஸ்பெக்டர் நகுமோவின் குரல்.
பத்து வாரமாக
நகுமோ தேடும் கொலையாளிக்குப் பெயர் இல்லை,
கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
குரலும் இல்லை.
தொலைபேசியை எடுத்தால் மூச்சு மட்டும்.
ஏழு பிணங்கள், ஏழு அழைப்புகள்,
எல்லாம் நகுமோ கண்ணயர்ந்த இரவுகளில்.

அந்த மூச்சு யாருடையது என்று
நடிகர்களுக்குள் பந்தயம்.
ஷிசுனோ முந்நூறு யென் கட்டியிருக்கிறார்,
பிணப் பரிசோதகராக வரும் உசாமியின் மேல்.
காசெல்லாம் என்னிடம் இருக்கிறது.
நம்பலாம் என்று கொடுத்தார்கள்.

எனக்குத் தெரியும்.
வெட்டியவன் நான்.

டேக் சரியில்லை என்று இயக்குநர் கையசைத்ததும்
மைக்கிலிருந்து அரையடி விலகி, தலை குனிந்து,
மூக்கால் இழுத்து வாயால் விடுவார் ஷிசுனோ.
வழக்கமாக எறிந்துவிடும் இரண்டு விநாடி.
"எறியாதே" என்றார் மினேகிஷி, ஏப்ரலில்,
பார்லித் தேநீரை உறிஞ்சிக்கொண்டே.
"சேர்த்து வை. யாரிடமும் மூச்சு விடாதே."

சேர்த்து வைத்தேன்.
கோப்பின் பெயர் குப்பை-2.
தோற்ற மூச்சு, எரிச்சல் மூச்சு,
அம்மாவை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்த அன்று
தொண்டைக்குள் ஒரு கல் புரண்ட மூச்சு.
அதை நான்காம் பிணத்துக்கு வைத்தோம்.
கச்சிதமாகப் பொருந்தியது.
நான்கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சிவப்பு விளக்கு.

நகுமோ தனியாக, விசாரணை அறையில்.
ஏழு அழைப்புகளையும் அடுத்தடுத்து ஓட்டுகிறாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என் விரல்தான் அவற்றை ஓட்டுகிறது.
வசனம் கிடையாது. பிரதியில்
"நகுமோ கேட்கிறாள்" என்று மட்டும்.
ஷிசுனோ கேட்கிறார்,
நகுமோவைப் போலவே தலை சாய்த்து,
மூன்றாவது வரை.

நான்காவதில்
அவர் கை தொண்டைக்குப் போயிற்று.
நடிப்பா?
மைக்கில் விழாத அசைவை
அவர் ஒருநாளும் செய்ததில்லை.

ஐந்து.
ஆறு.
பிரதி நடுங்கவில்லை. நடுங்கினால் சத்தம் வருமே.
இரண்டு விரலுக்கிடையில் தாளின் ஓரம்
ஓசைப்படாமல் கசங்கிக்கொண்டிருந்தது.

ஏழு.
கட்டம் ஒளிர்ந்தது.
கேள்விக்குறி இருந்த இடத்தில்
நகுமோ.

பிரதியில் இருந்த வரி: "நீ யார்?"
அவர் அதைச் சொல்லவில்லை.
திரையைப் பார்க்கவில்லை.
கண்ணாடியைப் பார்த்தார்.
மினேகிஷியை அல்ல, அவர் தோளுக்குப் பின்னால்
ஹெட்போனோடு குனிந்திருந்த என்னை.
பார்த்தபடியே
மூக்கால் இழுத்து
வாயால் விட்டார்,
இம்முறை விலகாமல்,
மைக்கின் வலை மேலேயே.

என் இரண்டு காதுக்கும் நடுவில்
அது வெகுநேரம் இருந்தது.

"ஓகே!" மினேகிஷி துள்ளி எழுந்ததில்
தேநீர் கவிழ்ந்து என் தாள்களில் ஓடியது.
"இதுதான், இதைத்தான் ஏப்ரலிலிருந்து..."
உசாமி கைதட்டினார். யாரோ அழுதார்கள்.
ஷிசுனோ எல்லோருக்கும் குனிந்து வணங்கினார்.
கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

வெளிவாசலில், குடைகளின் அருகே,
"பந்தயத்தில் யார் ஜெயித்தது?" என்றார் என்னிடம்.

யாருமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
காற்றுதான் வந்தது.

"அதையும் சேர்த்து வையுங்கள்" என்றார்,
தன் குடை எதுவென்று தேடியபடி.