சரக்கு ரயில் போகும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததால்
பேராசிரியர் குணபூஷணம் இருபது நிமிடம் தாமதம்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்:
'கேமரா எங்கம்மா?'

கேமரா மூன்றாவது வாரம்தான் சார் என்றேன்.
முகம் விழுந்துவிட்டது.
புதுச் சட்டையில் அட்டை மடிப்புகூடக் கலையவில்லை.

ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினேன்.
பாடம் முடியும்போது
மாணவர்களுக்கு என்ன செய்ய வரும்?
'பாய்ம இயக்கவியல் புரியும்.'
புரிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
'மூஞ்சியப் பாத்தா தெரியும்.'
ஆன்லைனில் மூஞ்சி இருக்காது, சார்.

ஜன்னலுக்கு வெளியே
குடிநீர் லாரி ஒன்று
பச்சைக் குடங்களுக்கு நடுவே
குழாயை உதறிக்கொண்டிருந்தது.
அதையே பார்த்தபடி இருந்தார்.
தேநீர் ஆடை கட்டிய பிறகு எழுதினார்:
'ஒரு டேங்கர் காலியாக
எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட வரும்.'

அந்த ஒரு வரிக்காக அன்று பிற்பகல் போனது.
நஷ்டமில்லை.

பிறகு ஐம்பது நிமிடத்தை ஏழாக வெட்டினோம்.
காசிமேட்டில் வஞ்சிரம் துண்டு போடுகிறவளுக்கு
நடுமுள் எங்கே ஓடுகிறதென்று கைக்கே தெரியும்.
எனக்குத் தெரியாது.
நான் படித்தது பி.ஏ. வரலாறு.
ஒவ்வொரு வெட்டுக்கும்
அவர் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டேன்.

இதற்கிடையில் வணிகவியல் ஷமீமா மேடம்
நூற்று நாற்பது ஸ்லைடு அனுப்பியிருந்தார்,
'சின்ன அறிமுகம்தான்' என்ற குறிப்போடு.

மூன்றாவது வாரம்.
பழைய வேதியியல் ஸ்டோர் ரூம்,
சுவரெங்கும் ஹாஸ்டல் போர்வைகள்,
ஃபேனை நிறுத்தியாயிற்று.
பெர்னூலி சமன்பாட்டை முழுதாக எழுதி முடித்து
'அழுத்தம் குறையும்போது' என்றவர்
நின்றுவிட்டார்.
துறைமுகத்திலிருந்து சரக்கு ரயில்.
ஹாரன், தண்டவாளம், போர்வைக்குள் அதிர்கிற சுவர்.
சாக்பீஸ் தோளுயரத்தில் அப்படியே.
இருபத்தாறு வருடம் இந்தக் கட்டடத்தில்
நின்று பழகிய நிற்றல்.
கடைசிப் பெட்டி போனதும்
'வேகம் கூடும்' என்றார்,
நடுவே எதுவுமே நடக்காததுபோல.

ஐம்பத்தெட்டுப் பெட்டி நிலக்கரியை
ஒரே சொடுக்கில் நீக்கினேன்.
ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை.
எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பாடம் வெளியாகிப் பத்து நாள் கழித்து வரைபடம் பார்த்தால்
நான்காம் வீடியோ, மூன்றாம் நிமிடம்,
எல்லாரும் பின்னால் போகிறார்கள்.
திரும்பப் போகிறார்கள்.
ஒருத்தி பதினோரு முறை.
லியோனா, இந்தப் பேப்பரில் இரண்டாவது அரியர்,
பழைய வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில்
பில் போட்டு முடித்து
இரவு பத்தரைக்கு மேல் பார்க்கிறவள்.
ஒலி சரியில்லையா என்று கேட்டேன்.
பதில் வந்தது:

'சவுண்டு நல்லாத்தான் இருக்கு மேடம்.
கிளாஸ்ல ரயில் போறப்பதான்
போர்ட எழுதிக்குவோம்.
இதுல ரயிலே வரல.'

குப்பைத்தொட்டி ஃபோல்டரில்
இன்னும் இரண்டு நாள் ஆயுளோடு கிடந்தது மூலப்பதிவு.
எடுத்து அதே இடத்தில் ஒட்டினேன்,
இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
பத்து நொடிக்கு மேல் மௌனம் கூடாதென்ற விதியை
எழுதியவளே நான்தான்.

'சும்மா நிக்கறேனேம்மா, நல்லாவா இருக்கு?'
என்றார் குணபூஷணம், திரையில் தன்னையே பார்த்து.
பிறகு படிவத்தைத் திருப்பிக் காட்டினார்:
'மாணவர் செயல்பாடுன்னு ஒரு கட்டம் இருக்கே,
இதுக்கு என்ன போடறது?'

ரயில் என்று தட்டினேன்.

அப்போதுதான் ஷமீமா மேடம் போன் செய்தார்.
நூற்று நாற்பத்தாறு ஆகிவிட்டதாம்.